ராம் கூட்டினால் கணினி வேகமாகுமா?

"இன்னொரு ராம் வாங்கிப் போடு, சரியாயிடும்." கணினி மெதுவாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் இதுதான் பதில். பெரும்பாலும் சரியான பதிலும்கூட. ராம் போதாவிட்டால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும், நாம் கொட்டாவி விடலாம். ஆனால் காசு கொடுத்து ராம் போட்ட பிறகு கணினி இன்னும் மெதுவான கதையும் உண்டு நண்பர்களே!

அதற்கு முன் கேஷ் பற்றி. (காமர்ஸ் படிப்பவனுக்குக் கேஷ் என்றால் கல்லாப்பெட்டி. இது வேறு கேஷ்.) மளிகைக் கடையில் அடிக்கடி விற்கும் சரக்கு கைக்கெட்டும் அலமாரியில் இருக்கும், மற்றது பின்னால் குடோனில். கேஷ்தான் அலமாரி, ராம்தான் குடோன். வணிகக் கணினியில் இதை முதலில் கொண்டுவந்தது 1968-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85.

இப்போது 1997. இன்டெல் 430டிஎக்ஸ் என்ற சிப்செட்டை வெளியிட்டது. அந்த மதர்போர்டில் 256 எம்பி வரை ராம் போடலாம். ஆனால் போர்டிலிருந்த எல்2 கேஷ், முதல் 64 எம்பிக்கு மட்டுமே வேலை செய்யும்! அதற்கு மேல் போட்ட ராமுக்கு அலமாரியே கிடையாது, ஒவ்வொரு முறையும் குடோனுக்கு ஓட வேண்டும். விண்டோஸ் 95-ஓ ராமை மேலிருந்து கீழாக நிரப்பும் பழக்கம் உடையது. ஆக, 128 எம்பி போட்டவரின் விண்டோஸ் போய் உட்கார்ந்தது கேஷ் இல்லாத பகுதியில். 64 எம்பி நிஜமாகவே போதாதவர்களுக்கு இது லாபம்தான், ஹார்ட் டிஸ்க்குக்கு இது எவ்வளவோ மேல். மற்றவர்களுக்குக் கொடுத்த காசும் போய் வேகமும் போனது. 1996-ல் வந்த 430ஹெச்எக்ஸ் சிப்செட்டில், கூடுதல் டேக் சிப் இருந்தால் 512 எம்பி வரை கேஷ் செய்ய முடிந்தது என்பதுதான் எரிச்சல்.

அடுத்த வருடம் கேஷின் முறை. ஏப்ரல் 1998-ல் பென்டியம் 2-ன் மலிவுப் பதிப்பாக செலரான் 266 வந்தது. எல்2 கேஷை அடியோடு எடுத்துவிட்டார்கள். சில ஆபீஸ் வேலைகளில் பழைய பென்டியம் எம்எம்எக்ஸ்-க்கே ஈடு கொடுக்க முடியாமல் திணறியது.

ஆகஸ்டில் செலரான் 300ஏ. இதில் 128 கேபி கேஷ். பென்டியம் 2-ல் இருந்ததோ 512 கேபி. நான்கில் ஒரு பங்குதானே என்கிறீர்களா? பென்டியம் 2-ன் கேஷ் தனிச் சிப்களில் பாதி வேகத்தில் ஓடியது, இது பிராசஸருக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றி, 149 டாலர் செலரானைப் பலர் 450-ல் ஓட்டினார்கள். அதே நாளில் வெளியான பென்டியம் 2 450-ன் விலை 669 டாலர்!

அக்டோபர் 1999-ல் வந்த புதிய பென்டியம் 3-ல் இன்டெல்லே 512 கேபியை 256 ஆகக் குறைத்து, சிப்புக்குள் முழு வேகத்தில் வைத்துவிட்டது.