முள்ளிவாய்க்கால் கஞ்சி பிறந்த கதை

ஒரு கிடாரம் தண்ணீர், அதில் வெந்து குழையக் கொஞ்சம் அரிசி, ஒரு கை உப்பு. முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் மே 12 தொடங்கி 18 வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சந்திகளில், கோயில் முன்றில்களில், பல்கலைக்கழக வாசலில் அடுப்பு மூட்டி இதைக் காய்ச்சுகிறார்கள். தெருவால் போகிறவர்களை மறித்துச் சிரட்டையில் வார்த்துக் கொடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பெண்கள், ஓட்டோக்காரர் என்று எல்லோரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். சிலருக்கு அந்தச் சிரட்டையைக் கையில் வாங்கும்போதே கண் கலங்கிவிடும். 2009இல், போரின் கடைசி மாதங்களில், இதே கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

இதன் கதையைச் சொல்வதற்கு முன்னால், ஈழத்து வீடுகளில் கஞ்சி என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். முல்லை, முசுட்டை, முடக்கொத்தான் என்று வேலியிலும் வெளியிலும் கிடைக்கும் இலைகளை இடித்துப் பிழிந்த சாறு, பச்சையரிசி, தேங்காய்ப்பால், இறக்கும்போது தேசிப்புளி. அதுதான் இலைக்கஞ்சி. வாசம் அயலுக்கு எட்டிவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு செம்பு போகும். கஞ்சியை ஏழ்மையோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இந்த இலைக்கஞ்சியைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இறந்தவர்களுக்கும் கஞ்சிக்கும் உள்ள உறவும் அங்கே பழையது. தாயை இழந்தவர்கள் சித்திரைப் பறுவத்தில் விரதம் இருப்பார்கள். அன்று கோயிலில் சித்திரபுத்திரனார் கதையைப் படித்து முடித்துக் கஞ்சி வார்ப்பார்கள். சித்திரைக் கஞ்சி என்று அதற்குப் பேர். உயிர்களின் கணக்கை ஒன்று விடாமல் எழுதுகிறவர் சித்திரபுத்திரனார். அம்மாவின் கணக்கு நல்லபடி எழுதப்படட்டும் என்று வேண்டிக்கொண்டு குடிக்கிற கஞ்சி அது. 2009இல் அந்தப் பறுவம் மே 9ஐ ஒட்டி வந்தது. போர் நடந்த வடக்கின் வன்னிப் பகுதி மக்கள் அப்போது விரதம் இருக்கும் நிலையில் இல்லை.

விடுதலைப் புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சி அந்த ஆண்டு ஜனவரி 2இல் இராணுவத்தின் கையில் விழுந்தது. அதற்கு முன்பே, 2008 செப்டெம்பரில், அரசாங்கத்தின் உத்தரவால் ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேறியிருந்தன. மக்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்தார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை. கடைசியில் மிஞ்சியது கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் நடுவே கிடந்த மணல் நிலம். புதுமாத்தளனில் தொடங்கி, அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால் வழியாக முள்ளிவாய்க்கால் வரை. பெப்ரவரியில் அரசாங்கம் அதைத் தாக்குதல் நடத்தப்படாத வலயம் என்று அறிவித்தது. உள்ளே 70,000 பேர் வரைதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையோ, போருக்குள் அகப்பட்டவர்கள் சுமார் 330,000 பேர் என்கிறது. அரசாங்கம் தொகையை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது என்றும் அது எழுதியிருக்கிறது. தொகை குறைந்தால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். முள்ளிவாய்க்காலின் பசி ஒரு கணக்கில் இருந்து பிறந்த பசி.

தரைவழி அடைபட்ட பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளன் கரைக்கு அப்பால் வந்து நின்று காயக்காரரை ஏற்றிப் போனது. கொஞ்சம் உணவும் இறக்கியது. மே 9க்குப் பிறகு அந்தக் கப்பலும் வரவில்லை.

அந்த மணலில்தான் கஞ்சிக் கொட்டில்கள் எழுந்தன. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் தொண்டர்களும், கையில் இருந்த அரிசியைப் பொதுவில் போட்டவர்களும் தறப்பாளுக்குக் கீழே கிடாரம் ஏற்றினார்கள். இலை இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, புளி இல்லை. அரிசி எத்தனை சுண்டு என்பது அன்றன்று கிடைப்பதைப் பொறுத்தது. தண்ணீர்தான் கூடிக்கொண்டு போனது. பிள்ளைகள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். பங்கரை விட்டு வெளியே வருவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதுதான். ஏப்ரல் 8இல் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற தாய்மார் மேலும் பிள்ளைகள் மேலும் செல் விழுந்தது. இறந்த தாய்மாரில் சிலர் பால்மா அட்டையைக் கையில் இறுகப் பிடித்தபடியே கிடந்தார்கள் என்று நிபுணர் குழுவின் அறிக்கை சொல்கிறது. எத்தனையோ அட்டவணைகளும் பிரிவு எண்களும் நிறைந்த அந்த அறிக்கையில் என்னால் தாண்டிப் போக முடியாத வரி அது. இப்படி ஒரு வரிசை என்று தெரிந்தும் மறுநாள் ஒருவர் அடுப்பு மூட்டினார், ஒருவர் விறகு பொறுக்கி வந்தார், ஒருவர் அகப்பையைப் பிடித்தார். அவர்களில் பலருடைய பேர்கூட நமக்கு இல்லை.

மே 18இல் எல்லாம் முடிந்தது. தப்பியவர்களில் பெரும்பாலோர் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் போனார்கள். கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது நிபுணர் குழு. 70,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கணக்கில்லை என்றது 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கச்சேரிப் பதிவில் இருந்த வன்னிச் சனத்தொகையை எடுத்து, அதிலிருந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களைக் கழித்துப் பார்த்தார். 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் கேட்டார். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

தெற்கில் அந்த நாட்கள் வெற்றி விழாவாகின. 2009 ஜூனில் காலிமுகத்திடலில் படை அணிவகுப்பு நடந்தது. வடக்கில் கூடி அழுவதற்கே ஆண்டுக்கணக்காகத் தடை இருந்தது. 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் முள்ளிவாய்க்கால் மண்ணில் வெளிப்படையாக விளக்கேற்ற முடிந்தது. கஞ்சி சந்திக்கு வந்ததும் அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். உயிர் தப்பியவர்களின் நினைவில் இருந்ததை மாணவர்களும் ஊர்ச் சங்கங்களும் எடுத்துக் கிடாரத்தில் போட்டார்கள். எந்தக் கட்சியும் உரிமை கோர முடியாத ஒரு வழக்கம் இப்படித்தான் உண்டானது.

ஏன் கஞ்சி? சிலை வைத்திருக்கலாமே, தூண் எழுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுப்பினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருக்க, மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம், நினைவு நாளுக்கு முன்னதாக, முள்ளிவாய்க்காலில் இருந்த நினைவுச் சின்னம் இரவோடு இரவாக உடைக்கப்பட்டது. கடலுக்கு இந்தப் பக்கம், தஞ்சாவூருக்கு அருகே விளாரில் 2013 நவம்பரில் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவரையும் சில நாட்களிலேயே இடித்துத் தள்ளினார்கள். கல் ஓரிடத்தில் நிற்கும், நிற்பதை இடிக்கலாம். கஞ்சியைக் கொட்டினால் அடுத்த தெருவில் இன்னொரு கிடாரம் ஏறும்.

ஆனால் அது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தூபி இறந்தவர்களைச் சொல்லும். கஞ்சி, இருந்தவர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. யூதர்கள் பாஸ்கா நாளில் புளிக்காத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்து, எகிப்தை விட்டு ஓடிய கதையைச் சொல்வதும் இந்த வகைதான். 2009இல் பிறந்திராத ஒரு பிள்ளைக்கு 40,000 என்ற எண் ஒன்றும் செய்யாது. உப்பும் வெந்நீருமாக நாக்கில் படுகிற கஞ்சி, இதைக் குடித்தா இருந்தார்கள் என்று கேட்க வைக்கும்.

இதே கஞ்சிக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. தமிழ் அமைப்புகள் பலவற்றுக்கு அது இனஅழிப்பின் சாட்சி. பொலிஸாருக்குப் பல இடங்களில் அது புலிகளை நினைவுகூரும் செயலாகத் தெரிகிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், நீதிமன்றத் தடையுத்தரவைக் காட்டி, கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் இரவில் கைது செய்தார்கள். கஞ்சி காய்ச்சியதற்கு விளக்கமறியல். செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. செத்துப்போன தாய்க்குக் கஞ்சி வார்ப்பது அந்த மண்ணின் வழக்கம். அதை எந்தச் சட்டத்தாலும் குற்றமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது.

தெற்கிலும் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. 2022 மே 18இல், ராஜபக்ச ஆட்சிக்கு எதிராகக் காலிமுகத்திடலில் கூடாரமடித்திருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தார்கள். 13 ஆண்டுகளுக்கு முன் வெற்றி அணிவகுப்பு நடந்த அதே திடல். ஒரு நாட்டின் மனம் அதனால் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். என்றாலும் அப்படி ஒரு நாள் நடந்தது என்பது பதிவாக வேண்டும்.

நம் பக்கத்தில் சொல்லத் தயங்குகிற ஒன்றும் உண்டு. அதே நிபுணர் குழு, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் எழுதியிருக்கிறது. கஞ்சி வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். அவர்களில் பலர் அந்தப் பயத்தையும் சுமந்துதான் நின்றார்கள். நினைவு நாளில் இதை விட்டுவிட்டுப் பேசினால் நாம் வஞ்சிப்பது அந்த வரிசையில் நின்றவர்களைத்தான். குண்டு போட்டவர்களின் குற்றம் இதைச் சொல்வதால் குறையப் போவதில்லை.

இப்போது சில இடங்களில் கஞ்சிக்குப் பயறும் பாலும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். குடிக்க வருகிறவர்களுக்கு ருசியாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல மனதுதான். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ருசியான கஞ்சிக்குச் சித்திரைப் பறுவம் இருக்கிறது, இலைக்கஞ்சி இருக்கிறது. இது அரிசியும் தண்ணீரும் உப்புமாகவே இருக்கட்டும். வார்க்கிற கையோடு ஒரு வார்த்தையும் போகட்டும்: எந்த ஊர், எந்த மாதம், யார் காய்ச்சினார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அந்த வரிசையில் நின்ற ஒருவர் இருந்தால், அடுத்த மே மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே போய்க் கேளுங்கள். மாத்தளனிலா பொக்கணையிலா, அகப்பை பிடித்தவரின் பேர் என்ன என்று கேட்டு, அவர் சொல்வதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.