காதுக்குச் சிக்காத பெல்ட்

"பெல்ட்டு எப்பங்க மாத்துனது?"

2019 இல் கோயம்புத்தூரில் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. 2008 மாடல் வண்டி. மீட்டரில் 58,312 கிலோமீட்டர். விற்றுக்கொடுத்த கார் கன்சல்டிங்காரர் "ஒரே ஓனர், டாக்டர் வண்டி" என்று சொல்லியிருந்தார். (நம் ஊரில் விலைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர்களுடையவை, மீதி பேங்க் மேனேஜர்களுடையவை.) சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டதாம்.

"தெரியலைங்ணா" என்றேன்.

அவர் இஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அங்கங்கே வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். டேப்பட் சரி. டைனமோ பேரிங் லேசாக முனகுகிறது, ஆறு மாதம் தாங்கும். பிறகு இஞ்சினின் ஒரு பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தட்டிக் காட்டினார். "மத்த எல்லாம் கத்திப்போடும் தம்பி. இது ஒண்ணுதான் வாயைத் திறக்காது. அறுந்தாத்தான் தெரியும்."

மூடிக்குள் இருப்பது டைமிங் பெல்ட். அதன் அறுபது ஆண்டுச் சரித்திரத்தை நான் பிற்பாடு தேடிப் படித்தேன். அத்தனையையும் அவர் அன்றைக்கே ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கார் இஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போவதால் கிராங்க் சுற்றுகிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, புகை வெளியே போக, வால்வுகள் அந்தந்த நொடியில் திறந்து மூட வேண்டும். அவற்றைத் திறப்பது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகவே கூடாது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இஞ்சினில் கிராங்க் நொடிக்கு 50 முறை சுழல்கிறது; அந்த வேகத்திலும் கேம் அதோடு பல்லுக்குப் பல் ஒத்துப்போக வேண்டும்.

பழைய இஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் கீழே, கிராங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு குட்டிச் செயினோ இரண்டு பற்சக்கரமோ போதும். அம்பாசடரின் பழைய பி.எம்.சி. இஞ்சினும் பிரீமியர் பத்மினியின் இஞ்சினும் அப்படித்தான். கேமை இஞ்சினின் தலைக்கே கொண்டுபோனால் வால்வுகள் இன்னும் துல்லியமாக வேலை செய்யும், இஞ்சின் வேகமாகச் சுற்றும் என்பது பந்தயக் கார்க்காரர்களுக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு நீளமான செயின் வேண்டும். அதை அணைத்துப் பிடிக்க வழிகாட்டிக் கட்டைகள், இழுத்துப் பிடிக்க டென்ஷனர், ஓயாமல் எண்ணெய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செலவு ஏறும், சத்தமும் கூடும். சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் அப்படி ஒரு காரைச் செய்வது கஷ்டம்.

விடை கார்த் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. மாவு மில்லில் நின்றவர்களுக்குப் பட்டை பெல்ட் ஞாபகம் இருக்கும். பாரம் கூடினால் வழுக்கும், சில நேரம் சக்கரத்தை விட்டே கழன்று ஓடும். மாவு அரைக்க அது போதும். ஊசியும் நூலும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டிய இயந்திரத்துக்குப் போதாது. 1940களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்துக்கும் நெசவு ஆலைக்கும் என்று உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட் வந்தது. பற்சக்கரத்தில் அது வழுக்காமல் கடித்துக்கொண்டு ஓடும். எண்ணெய் வேண்டாம், சத்தமும் இல்லை. 1954 இல் கலிஃபோர்னியாவில் பில் டெவின் என்பவர் ஒரு சிறிய பான்ஹார்ட் பந்தயக் காரில் கேமை மேலே ஏற்றி, அதை இந்தப் பல் பெல்ட்டால் ஓட்டிக் காட்டினார். ஆனால் அது ஒருவர் தன் கைப்படச் செய்த வண்டி.

தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்ற கார்களில் இதை முதலில் பொருத்தியவர்கள் ஜெர்மனியின் பவேரியாவில், டிங்கோல்ஃபிங் என்ற சிறிய ஊரில் இருந்த கிளாஸ் கம்பெனியார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. கிளாஸ் குடும்பத்துக்கு மூலத்தொழில் விதைப்புக் கருவி செய்வது. போருக்குப் பிறகு, 1951 இல், ஸ்கூட்டர் செய்தார்கள். 1955 இல் 'கோகோமொபில்' என்ற குட்டிக் கார். குளிருக்கும் மழைக்கும் கூரை தேடிய, பெரிய கார் வாங்க வசதியில்லாத ஜெர்மன் குடும்பங்கள் அதை லட்சக்கணக்கில் வாங்கின. அந்தக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அடுத்த காரைக் காட்ட வேண்டுமே! அப்படி வந்ததுதான் 1962 இல் விற்பனைக்கு இறங்கிய எஸ் 1004. 992 சி.சி., 42 குதிரைத்திறன். கேம் தலையில். அதை ஓட்ட ஒரு பல் பெல்ட். லியோன்ஹார்ட் இஷிங்கர் வடிவமைத்த இஞ்சின் அது.

பென்ஸ் செய்யவில்லை, ஜாகுவார் செய்யவில்லை. விதைப்புக் கருவிக்காரர் செய்தார். பெரிய கம்பெனியிடம் நல்ல செயினுக்குக் காசு இருந்தது, இவரிடம் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். கிளாஸ் அதிக நாள் நிலைக்கவும் இல்லை. 1966 இல் பி.எம்.டபிள்யூ. அதை வாங்கிக்கொண்டது, இன்று டிங்கோல்ஃபிங்கில் இருப்பது அவர்களுடைய மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. பெல்ட் மட்டும் கிளாஸோடு போய்விடவில்லை. அதே 1966 இல் அமெரிக்காவின் பான்டியாக் தன் ஆறு சிலிண்டர் இஞ்சினிலும், இத்தாலியின் ஃபியட், லாம்ப்ரெடி வடிவமைத்த இரட்டை கேம் இஞ்சினிலும் அதை வைத்தன. எழுபதுகளில் ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா என்று சிறிய கார்கள் எல்லாவற்றிலும் அது புகுந்துவிட்டது.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு நல்ல லாபம்: விலை குறைவு, சத்தம் குறைவு. கணக்கைக் கட்டியவர்கள் இரண்டாவது, மூன்றாவது ஆட்கள். செயின் தேய்ந்தால் நீளும். நீண்டால் லொடலொடவென்று அடிக்கும், காலையில் வண்டியை எடுக்கும்போதே தெருவுக்குக் கேட்கும். மாதக்கணக்கில் கத்தி எச்சரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் கைவிடும். ரப்பர் பெல்ட் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகள் ஒவ்வொன்றாக விடும். பல்லின் அடியில் விரிசல் ஓடும். பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் ரப்பர் ஊறி மெத்தென்றாகும். இதில் எதற்கும் சத்தம் கிடையாது. பல இஞ்சின்களில், குறிப்பாக டீசலில், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கிற வால்வில் போய் மோதும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும், சில நேரம் பிஸ்டனும் போகும்.

ஆகவே கார் கம்பெனிகள் தேதி குறித்தன: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று. 1980களில் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் புது ரப்பர் வந்ததும் கெடு நீண்டது. 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை என்பது பல கையேடுகளில் சாதாரணமானது. கெடு நீண்டாலும் பெல்ட் பேசவில்லை. அதுவரை இஞ்சினின் உடல்நிலையை அதன் பக்கத்தில் நின்று தெரிந்துகொள்ள முடிந்தது. இப்போது முன்பின் தெரியாத யாரோ எழுதிவைத்த காகிதத்தை நம்ப வேண்டும்.

நம் நாட்டுக்கு அந்தக் காகிதம்தான் சிக்கல். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அம்பாசடரிலும் ஃபியட்டிலும் காது பழகிய மெக்கானிக்குகள் முன்னால் பெல்ட் வைத்த இஞ்சின் வந்து நின்றது. 1998 இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ, அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகா. இரண்டும் பெல்ட் வண்டிகள். டாக்சியாக ஓடிய டீசல் இண்டிகாக்கள் எத்தனை ஹெட்டை இறக்க வைத்தன என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். மெக்கானிக்குகளின் கைக்குப் பெல்ட் சுலபமாகப் பழகிவிட்டது. கிராங்க் மார்க், கேம் மார்க், ஒரு பல் தவறினால் இஞ்சின் இருமும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். 'எப்போது மாற்றினார்கள்' என்பதற்கு மட்டும் கையாலோ காதாலோ விடை கிடைக்காது. மீட்டரைத் திருப்புவது சைடு பிசினஸாக இருக்கிற சந்தையில் கிலோமீட்டர்க் கணக்குக்கு என்ன அர்த்தம்?

மறுபடியும் செயினுக்கே போனவர்கள் உண்டு. 2008 இல் வந்த மாருதியின் கே சீரிஸ் இஞ்சினும் ஹூண்டாயின் கப்பா இஞ்சினும் செயின் வண்டிகள். என்னுடையது அந்த வருஷத்து வண்டிதான், ஆனால் பழைய பெல்ட் இஞ்சின்.

"பேப்பர் இல்லையா, அப்ப மாத்திப்போடலாமுங்க. சந்தேகம்னா மாத்துறதுதான்" என்றார் அண்ணன். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், கூடவே வாட்டர் பம்ப். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "அது நாளைக்கு ஒழுகுனா மறுபடியும் இதையெல்லாம் கழட்டோணும். கூலி ரெண்டு வாட்டி குடுப்பீங்களா?" கொடுக்க மாட்டேன். வீல் கழன்றது, இஞ்சினுக்கு அடியில் ஜாக்கி ஏறியது, மவுன்ட் கழன்றது. கடைசியில் பிளாஸ்டிக் மூடி வெளியே வந்தது.

அவர் பெல்ட்டைப் பார்க்கவில்லை. மூடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். வெள்ளை பெயிண்ட் மார்க்கரில் யாரோ எழுதியிருந்தார்கள்: 71400. அதன் கீழே 12/14.

மீட்டரில் 58,312. ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே 71,400.

கன்சல்டிங்காரருக்குப் போன் போட்டேன். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றனுங்க" என்றார். அப்புறம் எடுக்கவேயில்லை.

கழற்றிய பெல்ட் வெளிப்பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. அண்ணன் அதைப் பின்பக்கமாக வளைத்தார். பல்லின் அடியில் தலைமுடி போல விரிசல்கள், வரிசையாக. எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். "இன்னைக்குச் சாயங்காலமும் போயிருக்கலாம், இன்னும் ரெண்டு வருசம் ஓடியுமிருக்கலாம்." மார்க்குகளைச் சேர்த்து, புது பெல்ட்டை மாட்டி, ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார். மார்க் மறுபடியும் நேர்கோட்டில் வந்து நின்றது.

மூடியைப் போடும் முன் மார்க்கரை எடுத்தார். பழைய எழுத்துக்குக் கீழே கையை வைத்துவிட்டு நிறுத்தினார்.

"கிலோமீட்டர் எவ்வளவுன்னு எழுதட்டுங்க?"

மீட்டரில் இருப்பதை எழுதினால் அடுத்து இதைத் திறப்பவர் குழம்புவார். உண்மைக் கணக்கு யாரிடமும் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் தேதியை எழுதி, அதன் பக்கத்தில் 'மீட்டர் 58312' என்று போட்டு, மேலே இருந்த 71400 ஐ அழியாதபடி ஒரு வட்டம் போட்டுவிட்டு மூடியை மாட்டினார்.