கனடா வழியாக வந்தவர்: வாரன் மூனும் குவார்ட்டர்பேக் இடத்தின் இன அரசியலும்

1978 ஜனவரி 2 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ரோஸ் பவுல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணி மிச்சிகனை 27–20 என்ற கணக்கில் வீழ்த்தியது. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் வாரன் மூன் தாமே பந்தோடு ஓடி இரண்டு டச் டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். இன்னொன்றுக்குப் பந்தை எறிந்து கொடுத்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது. நான்கு மாதம் கழித்துத் தேசியக் கால்பந்து லீக்கின் (என்.எப்.எல்.) புதுமுக வீரர் தேர்வு நடந்தது. 28 அணிகள் 12 சுற்றுகளில் 300க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களைத் தெரிந்தெடுத்தன. மூனின் பெயர் எந்தச் சுற்றிலும் வரவில்லை. அதற்குச் சில வாரம் முன்பே அவர் கனடாவின் எட்மன்டன் எஸ்கிமோஸ் அணியோடு (2021 முதல் எல்க்ஸ்) ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்.

2006இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நவீன யுகத்தின் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளில் அங்கே இடம்பெற்ற முதல்வர் அவர். புதுமுகத் தேர்வில் எடுக்கப்படாமல் அங்கு நுழைந்த முதல் குவார்ட்டர்பேக்கும் அவரே. இந்த இரு முனைகளையும் இணைத்து விடாமுயற்சிக் கதையாகச் சொல்வது விளையாட்டு எழுத்தில் ஊறிய வழக்கம்: ஒதுக்கினார்கள், பொறுத்தார், வென்றார். அந்த வாசிப்பை இக்கட்டுரை மறுக்கிறது. ஒரு நிறுவனம் செய்த அநீதியை அதற்கு ஆளானவரின் மனவலிமைக்கு வைத்த தேர்வாக அது மாற்றிவிடுகிறது. அவர் தேறிவிட்டதால் தேர்வு வைத்தவர்களும் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். மூனின் வாழ்க்கையை இரண்டு செய்திகளுக்கான சான்றாகப் படிக்க வேண்டும் என்பது என் வாதம். குவார்ட்டர்பேக் இடத்தின் வாயிலில் அளக்கப்பட்டது ஆட்டத்திறனைவிட அதிகாரத்துக்கான தகுதி. அந்த அளவுகோலின் விளைவு இன்றைய சாதனைப் புள்ளிவிவரங்களிலும் தொடர்கிறது.

அந்த இடத்தின் கனம் முதலில் விளங்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத் துண்டும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருவதோடு தொடங்குகிறது. எதிரணி நிற்கும் அமைப்பைப் பார்த்து, முன்பே வகுத்த திட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. பந்து வந்தபின் எவருக்கு எறிவது, எறியாமல் ஓடுவதா என்பதைச் சில விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும். களத்தில் உடன் நிற்கும் பத்துப் பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். கிரிக்கெட்டில் அணித்தலைவரின் பொறுப்பும் முதன்மைப் பந்துவீச்சாளரின் உழைப்பும் ஒரே ஆள் மேல் விழுந்தால் எப்படியோ, அப்படி. ஆகவே இந்த இடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்குள், யார் சிந்திக்க வல்லவர், யார் சொல்லை மற்றவர் கேட்பார்கள் என்ற கேள்விகளும் அடங்கியிருந்தன.

சமூகவியலாளர்கள் ஜான் லாயும் ஜோசப் மெக்எல்வோகும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பேஸ்பால், கால்பந்து ஆகிய இரு விளையாட்டுகளிலும் அணியின் மையமான இடங்களில் வெள்ளையர் நிறைந்திருந்தனர். ஓட்டமும் வேகமும் தேவைப்பட்ட ஓர இடங்களில் கறுப்பின வீரர்கள் குவிக்கப்பட்டிருந்தனர். 1934 முதல் 1945 வரை என்.எப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. 1946இல் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குள் வந்தபின் தடை உடைந்தது என்று வரலாறு எழுதுகிறோம். உடைந்தது வெளிக்கதவு. உள்ளே பல அறைகள் பூட்டியே கிடந்தன.

கறுப்பினக் குவார்ட்டர்பேக் மார்லின் பிரிஸ்கோவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1968இல் டென்வர் பிராங்கோஸ் அணியில் மற்றவர்கள் காயமுற்றதால் அவருக்கு வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்தில் 14 டச் டவுன்களுக்குப் பந்து எறிந்தார். மறு ஆண்டே அவருக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது. பிறகு அவர் பந்தைப் பிடிக்கும் வீரராக மாறித்தான் பிழைக்க முடிந்தது. 1974இல் ஜோ கில்லியம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக முதல் ஆறு ஆட்டங்களைத் தொடங்கி, ஒன்றில் மட்டும் தோற்றிருந்த நிலையில் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார். ஜேம்ஸ் ஹாரிஸ் அதே ஆண்டு ராம்ஸ் அணியைப் பின்பருவ (பிளே-ஆஃப்) ஆட்டங்களுக்கு இட்டுச் சென்றும் நிலையான நம்பிக்கையைப் பெறவில்லை. இவர்களில் எவரையும் தடுக்கும் விதி எழுத்தில் இருந்ததில்லை. எழுதப்படாததாலேயே அதை எதிர்த்து வழக்காட இடமிருக்கவில்லை.

மூன் 1956 நவம்பர் 18 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். செவிலியரான தாய் அவரையும் ஆறு சகோதரிகளையும் வளர்த்தார். பள்ளி முடித்ததும் பெரிய கல்லூரிகள் அவரை வேறு இடத்தில் ஆடவைக்க விரும்பின. அவர் மறுத்து, இரண்டாண்டுக் கல்லூரியான வெஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு குவார்ட்டர்பேக்காகவே ஆடினார். 1975இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் அவரை அந்த இடத்துக்கே எடுத்தார். பல்கலைக்கழகம் இருக்கும் சியாட்டிலில் சொந்த அணியின் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மூன்றாம் ஆண்டில் தம் மண்டலத்தின் சிறந்த வீரர் என்ற மதிப்பைப் பகிர்ந்துகொண்டு ரோஸ் பவுலுக்குப் போனார்.

அடுத்து வருவது கனடா. இதை வெறும் ஒதுங்குமிடமாகக் காட்டும் எழுத்துகள் அதன் நெடிய வரிசையைக் கவனிப்பதில்லை. 1951இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி கறுப்பினக் குவார்ட்டர்பேக் பெர்னி கஸ்டிஸைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் தற்காப்பு வீரராக ஆடச் சொன்னது. அவர் கனடாவின் ஹாமில்டனுக்குப் போய்க் குவார்ட்டர்பேக்காக ஆடினார். டொலிடோ பல்கலைக்கழகத்துக்காக 35 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத சக் ஈலி, தாம் குவார்ட்டர்பேக்காக மட்டுமே ஆடுவேன் என்று அணிகளுக்குத் தெரிவித்தார். 1972 தேர்வில் அவரை எவரும் எடுக்கவில்லை. அதே ஆண்டு ஹாமில்டன் அணிக்காகக் கனடா லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிரே கோப்பையை வென்று தந்தார். கால் நூற்றாண்டாக அமெரிக்கா தவறவிட்ட குவார்ட்டர்பேக்குகளைக் கனடா எடுத்துக்கொண்டிருந்தது என்றால், தற்செயல் என்று அதைச் சொல்ல முடியாது. அமெரிக்க லீக்கின் தேர்வுமுறை இடையறாமல் ஒரே வகை மனிதர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கனடாவில் ஆடுகளம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். ஒரு பக்கத்துக்கு 12 வீரர்கள். பத்துக் கெஜம் முன்னேற நான்கு முயற்சிக்குப் பதில் மூன்றுதான் உண்டு. முயற்சி குறைவாகவும் களம் விரிந்தும் இருப்பதால் எறிதல் ஆட்டத்தின் உயிராகிறது. பயிற்சியாளர் ஹியூ கேம்பலின் எட்மன்டன் அணியில் மூத்தவர் டாம் வில்கின்சனோடு இடத்தைப் பகிர்ந்து தொடங்கிய மூன், படிப்படியாக அதை முழுதாகப் பெற்றார். 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து கிரே கோப்பைகள் எட்மன்டனுக்கு. 1982இல் 5,000 கெஜம் எறிந்தார், அதாவது அவர் எறிந்த பந்துகளால் அணி முன்னேறிய தூரம் அவ்வளவு. தொழில்முறைக் கால்பந்தில் ஒரே பருவத்தில் அந்த எல்லையைத் தொட்ட முதல் மனிதர் அவர். 1983இல் அது 5,648 ஆக உயர்ந்தது. அமெரிக்க லீக்கில் அந்த எல்லையை டான் மரினோ தொட்டது 1984இல்.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது: மூன் தேர்வுக்கு முன்பே கனடாவுக்குக் கையெழுத்திட்டுவிட்டார், எனவே அவரை ஒதுக்கினார்கள் என்பது சரியா? ஒப்பந்தம் முந்தியது உண்மை. ஆனால் முதல் சுற்றுகளில் தம்மை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் இடம் மாறச் சொல்லக்கூடும் என்ற தகவல் எட்டிய பிறகே அவர் அம்முடிவை எடுத்தார். கதவு திறக்காது என்று தெரிந்தபின் வேறு வழி பார்த்தவரிடம் ‘நீ தட்டவே இல்லையே’ என்று கேட்பது நியாயமாகாது. மேலும் 12 சுற்றுகள் கொண்ட தேர்வில், பின்னாளில் திரும்பி வரக்கூடும் என்ற கணக்கில் ஒரு வீரரின் உரிமையைக் கடைசிச் சுற்றில் வாங்கிவைக்க எந்த அணிக்கும் செலவு இல்லை. 28 அணிகளில் ஒன்றுகூட அதைச் செய்யவில்லை.

இரண்டாவது தடை வலுவானது. அதே 1978 தேர்வில், முதல் சுற்றில், 17ஆவது ஆளாக டாம்பா பே அணி டக் வில்லியம்ஸை எடுத்தது. கறுப்பினத்தவரான அவர் கிராம்ப்ளிங் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக். அப்படியென்றால் வாயில் திறந்துதானே இருந்தது? வில்லியம்ஸ் எப்படித் தேர்வானார் என்பதில் விடை இருக்கிறது. டாம்பா பேயின் உதவிப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் லூசியானாவுக்கே சென்று அவரோடு நேரம் செலவிட்டு, நேரில் அறிந்து பரிந்துரைத்தார். ஒரு வெள்ளைக் குவார்ட்டர்பேக்கின் அறிவைப் பற்றி முன்கூட்டியே இருந்த நம்பிக்கையை இவருக்கு ஒரு தனிமனிதர் நேரில் போய் உண்டாக்க வேண்டியிருந்தது. வில்லியம்ஸ் அந்த அணியை மூன்று முறை பின்பருவத்துக்குக் கொண்டுபோனார். ஊதியத் தகராறில் 1983இல் வெளியேறினார். பிறகு என்.எப்.எல்.லின் வாஷிங்டன் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டவரும் அதே கிப்ஸ்தான். 1988 ஜனவரி 31 அன்று லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் வில்லியம்ஸ் 340 கெஜம் எறிந்து டென்வரை 42–10 என்று தோற்கடித்தார். அவருடைய வரலாறு என் வாதத்தைக் குலைக்கவில்லை. விதி தளர்ந்ததற்கு அங்கே அடையாளம் இல்லை. ஒருவர் விதிவிலக்குக்காகப் பாடுபட்டதற்கே அடையாளம் இருக்கிறது.

மூன் 1984இல் அமெரிக்காவுக்குத் திரும்பி ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் சேர்ந்தபோது பல அணிகள் போட்டிபோட்டு விலை கூறின. ஆறாண்டுக்கு முன் இலவசமாகக் கிடைத்தவர் அவர். அதன்பின் நடந்தவை நன்கு அறியப்பட்டவை, சுருக்கமாகச் சொல்லலாம். 1987 முதல் 1993 வரை ஏழு ஆண்டும் ஆயிலர்ஸ் பின்பருவத்துக்குத் தகுதிபெற்றது. 1990 டிசம்பர் 16 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 கெஜம். 1990, 1991 இரு பருவத்திலும் 4,600 கெஜத்துக்கு மேல். ஹூஸ்டன், மினசோட்டா, சியாட்டில், கன்சாஸ் சிட்டி என்று 17 பருவம், புரோ பவுல் என்னும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஒன்பது முறை தேர்வு. சூப்பர் பவுல் மட்டும் கைகூடவில்லை. 1993 ஜனவரி 3 அன்று பஃபலோவில் 35–3 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை ஆயிலர்ஸ் 41–38 என்று இழந்தது. மூன் அன்று 371 கெஜமும் நான்கு டச் டவுனும் எறிந்திருந்தார்.

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1995இல் மனைவியைத் தாக்கியதாகக் கைதானார். 1996இல் டெக்சாஸ் நடுவர் குழு அவரை விடுவித்தது. முன்னோடி என்று கொண்டாடும் நூல்கள் இதைத் தாண்டிப் போவது சரியல்ல. ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நிறுவ அவர் குறையற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வரலாற்றாசிரியர் ஏற்கக் கூடாது. கேன்டன் உரையிலேயே மூன், தம்மைக் குவார்ட்டர்பேக்காக மட்டும் மதிப்பிட வேண்டும் என்றே எப்போதும் விரும்பியதாகவும், முதல் கறுப்பினத்தவர் என்ற அடைமொழி சிலநேரம் தமக்குச் சங்கடம் தருவதாகவும் சொன்னார். உடனே தமக்கு முன் வந்த கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளான வில்லி த்ரோவர், பிரிஸ்கோ, ஹாரிஸ் ஆகியோரின் பெயர்களையும் சொன்னார். தம் வெற்றியைத் தனி மனித வெற்றியாகக் கொள்ள அவரே மறுத்தார் என்பதை விடாமுயற்சிக் கதை எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை, 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் பாட்ரிக் மஹோம்ஸ், ஜாலன் ஹர்ட்ஸ் என இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளே ஆடினார்களே என்பார்கள். அந்த மாற்றம் மகிழ்ச்சி தருவது, உண்மையானது. ஆனால் 2018இல்கூட லமார் ஜாக்சன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக்கைப் பந்து பிடிக்கும் வீரராக்க வேண்டும் என்று பெயர்பெற்ற முன்னாள் நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்; ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார்; 2019 பருவத்தில் ஒருமனதாக லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். இதைவிடக் கடுமையான சான்று ஒன்றும் உண்டு. தலைக்காயத்தால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில், கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைந்த மட்டத்தில் இருந்தது என்று கொள்ளும் மதிப்பீட்டு முறை பயன்பட்டது. அதனால் மூளைத் தேய்வை நிறுவுவது அவர்களுக்குக் கடினமாயிற்று. இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தபின், 2021இல்தான் என்.எப்.எல். அதைக் கைவிட உறுதியளித்தது. 1978இல் எவரும் எழுத்தில் வைக்காத அனுமானம் இங்கே இழப்பீட்டுக் கணக்கில் அச்சாகிக் கிடந்தது.

எஞ்சியிருப்பது புள்ளிவிவரம் பற்றிய கேள்வி. அமெரிக்க லீக்கில் மூன் எறிந்தது 49,325 கெஜம், 291 டச் டவுன். கனடாவில் 21,228 கெஜம், 144 டச் டவுன். இரண்டும் சேர்ந்தால் 70,553 கெஜம், 435 டச் டவுன். அவர் ஓய்வு பெற்ற காலத்தில் என்.எப்.எல். உச்சம் மரினோவின் 61,361 கெஜமும் 420 டச் டவுனும். களமும் விதியும் வேறு, இரண்டையும் கூட்டக் கூடாது என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஒப்பீட்டுப் பட்டியலில் தனிப் பத்தியாக வைப்பதே முறை. ஆனால் முற்றாக விடுவதை ஏற்க முடியாது. அந்த ஆறு பருவங்கள் அவர் அமெரிக்காவில் ஆட மறுத்ததால் வேறிடம் போனவை அல்ல. எந்த லீக் அவரை வெளியே வைத்ததோ, அதே லீக்கின் எல்லைக்குள் நடந்தவை மட்டுமே கணக்கில் வரும் என்பது, செய்தவரே தம் செயலை நியாயப்படுத்தும் கணக்கு. கேன்டன் மன்றம் தன் பெயரில் எந்த லீக்கையும் குறிக்கவில்லை. அது தொழில்முறைக் கால்பந்து அனைத்துக்குமான மன்றம். கனடாவின் புகழ்மன்றமும் 2001இலேயே மூனைச் சேர்த்துக்கொண்டது. வீரராக இரண்டிலும் இடம்பெற்றவர் அவர் ஒருவரே. குவார்ட்டர்பேக்குகளின் வாழ்நாள் சாதனையைப் பட்டியலிடும் எவரும், பதிப்பாளரும் ஆய்வாளரும் ஒளிபரப்பாளரும், மூனின் பெயருக்கு எதிரே 1978 முதல் 1983 வரையிலான எட்மன்டன் வரியையும் அச்சிட வேண்டும். கஸ்டிஸுக்கும் ஈலிக்கும் அதே முறையைப் பின்பற்ற வேண்டும்.