பம்பு ஷெட்டுல தொங்குற படகு மோட்டார்

எங்க கிணத்து பம்பு ஷெட்டுல ஒரு பழைய படகு மோட்டார் தொங்குது. பார்க்கிறவங்க எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான். "ஏர் ஓட்டுற ஆளுக்கு இது எதுக்குங்க? மணிமங்கலத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவுல கடல் ஏது?" நியாயமான கேள்வி. பதில் 2015 டிசம்பர்ல இருக்கு.

அந்த டிசம்பர் 2-ம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர் ஏரிப் பக்கம் பிறக்கிற அடையாறு எங்க ஊர்ப் பக்கம் வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். சித்திரையில மாடு குளம்பு நனையாம தாண்டிப் போகும். அன்னிக்கு வரதராஜபுரத்துல ஜனங்க மொட்டை மாடியில நின்னாங்க. வெள்ளம்னாலே எல்லாரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்றாங்க. அங்க 29,000 கன அடி திறந்தது நிஜம். ஆனா அந்தத் தண்ணி திருநீர்மலைக்கிட்டதான் அடையாத்துல சேருது. எங்களை முக்கினது அதுக்கு மேல இருக்கிற ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிங்களோட உபரித் தண்ணி. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்துபோன கதையைத் தனியா எழுதணும்.

அப்போ எங்களைக் காப்பாத்த வந்தவங்கள்ல கடலோர மீனவர்கள் முக்கியமானவங்க. ஃபைபர் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்து தெருவுல இறக்கினாங்க. நான் வயல்காரன், படகு மோட்டாரை அவ்வளவு கிட்ட பார்த்தது அன்னிக்குத்தான். அடுத்த வருஷம் எங்க தெருவுல எட்டுப் பேர் காசு போட்டு ஒரு சின்ன ஃபைபர் படகும் செகண்ட் ஹேண்ட் ஜப்பான் மோட்டாரும் வாங்கினோம். வருஷா வருஷம் ஐப்பசியில ஒரு டிரம்முல தண்ணி நிரப்பி, மோட்டாரை அதுல இறக்கி பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்போம். கியர் போட மாட்டோம், டிரம் உடைஞ்சிடுமேன்னு பயம். சத்தம் நல்லா வரும். அதோட திருப்தி.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மறுபடியும் முடிச்சூர், வரதராஜபுரம் தண்ணியில. மோட்டார் ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆச்சு. கியரைத் தள்ளினா கரகரன்னு ஒரு சத்தம், விசிறி சுத்தல. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா, டயாலிசிஸுக்குப் போயே ஆகணும். நாங்க நாலு பேர் மார்பளவு தண்ணியில நின்னு, படகைக் கயிறு கட்டி மெயின் ரோடு வரைக்கும் இழுத்தோம். மூணு மணி நேரம் ஆச்சு. அந்த அம்மா பிழைச்சுக்கிட்டாங்க. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மேல இன்ஜின் நல்லா ஓடுது, கீழ என்ன ஆச்சு?

அங்கதான் இந்த மோட்டாரோட சரித்திரமே இருக்கு. நார்வேயில பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஓலே எவின்ரூட் 1909-ல தன்னோட படகு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் மேல, அதுல இருந்து நேரா கீழ ஒரு ஷாஃப்ட், தண்ணிக்குள்ள ஒரு சின்ன கியர் பெட்டி. செங்குத்தா சுத்துறதை அந்தப் பெட்டி படுக்கையா திருப்பி விசிறிக்குக் கொடுக்கும். டிராக்டர்ல கிரவுன் பினியன் செய்யிற வேலையேதான். ரிவர்ஸ் கியரெல்லாம் பின்னாடி வந்தது. இன்னிக்கும் அடிப்படை மாறல.

நம்ம பக்கத்துல இன்னொரு நார்வே தொடர்பும் உண்டு. 1953-ல கேரளாவுல நீண்டகரையில இந்திய–நார்வே திட்டம் ஆரம்பிச்சு, படகுக்குள்ள இன்ஜின் வைக்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தாங்க. 1979-ல ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தோட வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமா வச்சு, அலையில கரையேறுற படகுகளை இந்தக் கிழக்குக் கரையில சோதனை பண்ணிச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா வந்த ஃபைபர் படகுங்க பெருகி, கட்டுமரம் குறைஞ்சுபோச்சு. நம்ம கரையில அதிகம் பார்க்கிறது நீளமான தண்டு வச்ச டீசல் இன்ஜின். அதுல தண்ணிக்குள்ள கியரே கிடையாது, நேர்த் தண்டுதான். கரை வரும்போது தூக்கிக்கலாம். எங்க மோட்டார் அந்த ஜாதி இல்ல.

பொங்கல் முடிஞ்சு காசிமேட்டுல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். கியர் பெட்டிக்கு அடியில இருக்கிற திருகைக் கழட்டினார். எண்ணெய் டீக்கடைப் பால் மாதிரி வந்துச்சு. "தம்பி, இதுல எத்தனை வருஷமா தண்ணி இருக்கு?" எனக்கு வெட்கமாப் போச்சு. ஏழு வருஷமா நான் அந்தத் திருகைத் தொடவே இல்லை. டிராக்டருக்கு ஆயில் மாத்துறவன், இதுக்கு மாத்தணும்னு தோணல.

அலுமினிய உடம்புல ஸ்டீல் போல்ட் உப்பு பிடிச்சு ஒட்டிக்கிடந்துச்சு. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, லேசா தட்டித் தட்டி கழட்டவே ரெண்டு நாள். அடிச்சுத் திருகினா போல்ட் முறிஞ்சிடும்னார். விசிறியைக் கழட்டினதும் குற்றவாளி கிடைச்சான். விசிறிக்குப் பின்னால தண்டுல ஒரு நைலான் நரம்பு சுத்தி இறுகியிருந்துச்சு. அது ஆயில் சீலை அறுத்திருக்கு, அந்த வழியா தண்ணி உள்ள போயிருக்கு. பேரிங் துரு, பினியன்ல ரெண்டு பல் இல்ல. முன் கியரைக் கடிச்சுப் பிடிக்கிற நாய்க்கிளட்ச் முனை மழுங்கிப் போச்சு. அதான் கரகர சத்தம்.

பினியனை மட்டும் மாத்தலாமான்னு கேட்டேன், செலவு மிச்சம்னு. கூடாதுன்னுட்டார். பழசும் புதுசும் சேர்ந்தா பல் தேயும், செட்டாத்தான் மாத்தணும். எட்டுப் பேர்கிட்ட மறுபடி காசு வாங்கினது தனிக் கதை. ஒருத்தர் இன்னும் தரல.

பல்லுல சாயம் தடவி, எங்க படுதுன்னு பார்த்து, மெல்லிய ஷிம் வச்சு எடுத்து, திரும்ப வச்சு, அரை நாள் அதுலயே போச்சு. புது சீல் போட்டதும் சைக்கிள் பம்பால உள்ள காத்து அடிச்சு, தொட்டித் தண்ணியில முக்கினார். குமிழி வரல. 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியா ஏத்தினார். மேல் துளையில வழியுற வரைக்கும் ஏத்தணும், மேல இருந்து ஊத்தினா உள்ள காத்து மாட்டிக்கும்னு சொன்னார். மேல் திருகை முதல்ல மூடிட்டு, அப்புறம்தான் கீழ் திருகு. தண்ணி இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கிற ரப்பர் விசிறியும் காய்ஞ்சு மடங்கிக் கிடந்துச்சு, அதையும் மாத்தினோம்.

இப்போ டிரம்முல பார்க்கிறதில்ல. ஆவணியில ஒரு தடவை ஏரியில படகை இறக்கி, முன்னும் பின்னும் கியர் போட்டு ஓட்டுறோம். போன தடவை ஓட்டி முடிச்சு, கீழ்த் திருகை லேசா தளர்த்தி ரெண்டு சொட்டு உள்ளங்கையில வாங்கிப் பார்த்தேன். தேன் நிறத்துல இருந்துச்சு. திருகை இறுக்கி, விசிறி கீழ இருக்கிற மாதிரி நிமிர்த்தி, பம்பு ஷெட்டுல மாட்டிட்டு வந்தேன்.