கும்புவில் பங்குனி நடை

எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே, நேபாளத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கும்பு, ஷெர்பாக்களின் நாடு. தூத்கோசி ஆற்றின் தலைப்பகுதியும் அதில் வந்து சேரும் போத்தேகோசி, இம்ஜா ஆறுகளின் பள்ளத்தாக்குகளும் அடங்கிய நிலம் இது. நாம்சே பஜார் 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்ஜுங், தாமே, பாங்போச்சே ஆகிய ஊர்கள் அதற்கும் மேலே. ஆண்டுக்கு இரண்டு முறை இங்கே வெளிநாட்டுப் பயணிகள் ட்ரெக்கிங் வருகிறார்கள்: மழைக்காலம் ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் ஒருமுறை, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் மார்ச்சில் தொடங்கி மே வரை ஒருமுறை. மலைப்பூ பார்க்க ஏற்ற காலம் என்று வசந்தப் பருவத்துக்குப் பயண நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. பூ இருப்பது உண்மைதான். ஆனால் பங்குனியில் நடக்கும் வழக்கம் பூவால் வரவில்லை; சிகரம் ஏற வந்தவர்கள் மழைக்குப் பயந்து போட்ட நாள்கணக்கிலிருந்து வந்தது.

ஷெர்பாக்களின் முன்னோர் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் இமயத்தைக் கடந்து வந்தவர்கள். உயரத்தில் யாக் மேய்ப்பும் குறைந்த விளைச்சலும் மட்டும் ஒரு சமூகத்தைத் தாங்காது, வியாபாரம்தான் தாங்கியது. 5,700 மீட்டருக்கு மேலுள்ள நாங்பா லா கணவாய் வழியே திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வந்தன. தெற்கிலிருந்து தானியம் மேலே போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உருளைக்கிழங்கு வந்து சேர்ந்த பிறகு உணவு பெருகியது, மக்கள்தொகையும் கூடியது. 1916இல் தெங்போச்சே மடாலயம் எழுந்ததற்குப் பின்னால் இந்தக் கிழங்கின் செழிப்பும் இருக்கிறது என்று மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபூரர்-ஹைமன்டோர்ஃப் கருதினார். குளிர்காலத்தில் பலர் வியாபாரத்துக்கும் யாத்திரைக்கும் தெற்கே இறங்குவார்கள். பிப்ரவரி வாக்கில் லோசார் என்னும் புத்தாண்டு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நிலத்தைக் கொத்திக் கிழங்கு நடுவார்கள். கோடையில் மந்தைகள் மேலேறும். மலை உச்சிகளுக்கு இந்த வாழ்க்கையில் வேலை இல்லை. கும்ஜுங்குக்கு மேலே நிற்கும் கும்பிலா சிகரம் தெய்வம் குடியிருக்கும் இடம். அதில் யாரும் கால் வைப்பதில்லை.

மலையேற்றத் தொழிலுக்கு ஷெர்பாக்கள் போனது கும்புவில் அல்ல, டார்ஜீலிங்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மலைநகரில் சாலை போடவும் சுமை தூக்கவும் ஆள் தேவைப்பட்டது. கும்புவின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். ஸ்காட்லாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் கெல்லாஸ் 1907 முதல் சிக்கிம் மலைகளில் அவர்களைத் துணைக்கு அழைத்துப் போய், அவர்களது திறமையை வெளியே எடுத்துச் சொன்னார். 1920களிலும் 1930களிலும் பிரிட்டிஷார் எவரெஸ்டுக்கு அனுப்பிய குழுக்கள் அனைத்திலும் டார்ஜீலிங் ஷெர்பாக்கள் இருந்தார்கள். 1922இல் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் மேலே சுமை கொண்டுபோன கூலியாட்கள். நேபாளம் அப்போது வெளிநாட்டவருக்கு மூடிக் கிடந்ததால், அந்தக் குழுக்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் டார்ஜீலிங் பக்கமிருந்து கிளம்பித் திபெத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாக மலையை அடைந்தன. ஷெர்பாக்கள் தங்கள் சொந்த ஊருக்குப் பின்புறம் நின்று வேலை பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

ஏன் மார்ச்? குளிர்காலம் முழுக்க மேல்வளிமண்டலத்தின் வேகக் காற்றோட்டம் எவரெஸ்டின் தலையை அறைந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் அந்தக் காற்று வடக்கே விலகும். ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை கிழக்கு நேபாளத்தை எட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே உச்சியில் சில நாட்கள் மட்டுமே அமைதி கிடைக்கும். அந்த நாட்களைப் பிடிக்க வேண்டுமானால் ஏப்ரலில் அடிவார முகாம் போட்டு உடம்பை உயரத்துக்குப் பழக்க வேண்டும். அதற்கு மார்ச்சிலேயே நடக்கத் தொடங்கியாக வேண்டும். கணக்கு மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போடப்பட்டது. பங்குனி நடை அதில் மிஞ்சிய பகுதி.

1949இல் நேபாளம் வெளிநாட்டு மலைக்குழுக்களுக்குக் கதவைத் திறக்கத் தொடங்கியது. 1951இல் நாட்டை ஆண்டுவந்த ராணா குடும்பத்தின் ஆட்சியும் முடிந்தது. கும்புவுக்குள் முதலில் வந்த மேலைநாட்டுக் குழு 1950 இலையுதிர் காலத்தில் வந்தது. அமெரிக்கரான ஆஸ்கர் ஹூஸ்டன், அவர் மகன் சார்லஸ், பெட்சி கௌல்ஸ், பிரிட்டிஷ் மலையேறி பில் டில்மன் முதலியோர் இந்திய எல்லையிலிருந்து நடந்து நாம்சேயும் தெங்போச்சேயும் கண்டார்கள். சிகரம் ஏறும் நோக்கம் இந்தப் பயணத்துக்கு இருக்கவில்லை. பிற்காலத்து ட்ரெக்கிங்கின் சாயல் அதில் தெரிகிறது என்றாலும், அதை யாரும் தொழிலாகத் தொடரவில்லை.

வழக்கத்தை நிலைநாட்டியது 1953ஆம் ஆண்டுப் பயணம். ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழு மார்ச் 10 அன்று காட்மாண்டுவை அடுத்த பக்தபூரிலிருந்து நடையைத் தொடங்கியது. சுமார் 350 சுமைக்காரர்கள், இரண்டு பிரிவுகள், இரண்டு வாரத்துக்கும் மேற்பட்ட நடை. இமயத்தின் ஆறுகள் தெற்கு நோக்கி ஓடுகின்றன. பாதையோ கிழக்கு நோக்கிப் போகிறது. அதனால் ஒவ்வொரு மலைமுகடாக ஏறி, ஆற்றுக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். சுமைக்காரர்களில் பெரும்பாலோர் ஷெர்பாக்கள் அல்ல. கூம்பு வடிவ மூங்கில் கூடையான டோகோவை நாம்லோ என்னும் நெற்றிப்பட்டையில் தாங்கி நடந்தவர்கள் தாமாங், ராய் போன்ற நடுமலை மக்கள். இன்றும் சுமை தூக்குபவரையெல்லாம் ஷெர்பா என்று பயணிகள் அழைப்பதால், பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் பெயரில்லாமல் போய்விட்டார்கள். மார்ச் கடைசியில் குழு தெங்போச்சேயை அடைந்தது. மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லாரியும் உச்சியில் நின்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியபோது, காடும் கிராமமும் பூவுமாக இருந்த அந்த நடையைப் பற்றிய பேச்சும் கூடவே பரவியது.

அந்த நடையை மட்டும் தனியே விற்கலாம் என்று கண்டுகொண்டவர் ஜிம்மி ராபர்ட்ஸ். கூர்க்கா படை அதிகாரியான அவர், 1953இல் ஆக்சிஜன் உருளைகளின் இரண்டாம் தொகுதியை மலைக்குக் கொண்டுசேர்த்தவர்; 1963இல் அமெரிக்க எவரெஸ்ட் குழுவின் போக்குவரத்தைக் கவனித்தவர். நூற்றுக்கணக்கான ஆட்களையும் மூட்டைகளையும் நாள் தவறாமல் நகர்த்துவதே அவரது தொழில்நுட்பம். 1964இல் காட்மாண்டுவில் மவுண்டன் டிராவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். 1965 வசந்தத்தின் தொடக்கத்தில் அவருடன் எவரெஸ்ட் பாதையில் நடந்த முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். ஆட்களை மேய்க்கும் சர்தார், சமையல்காரர், கூடாரம், சுமைக்காரர்கள், காலையில் கூடாரத்துக்கே வரும் தேநீர் என மலையேற்றக் குழுவின் ஏற்பாடு முழுவதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சிகரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1959க்குப் பிறகு சீனா திபெத் எல்லையை இறுக்கியதும் நாங்பா லா வழி வியாபாரம் சுருங்கியது. நாம்சே வியாபாரிகள் வேறு பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. 1960களின் நடுவில் நேபாள அரசு சில ஆண்டுகளுக்குச் சிகரம் ஏறுவதற்கு அனுமதி தர மறுத்தது. 1969இல்தான் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் ட்ரெக்கிங் சோறு போட்டது. ஆனால் வசந்தப் பருவம் வீட்டில் ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. கிழங்கு நடும் நாட்களும் பயணிகள் வரும் நாட்களும் ஒன்று. ஆண்கள் குழுக்களோடு போய்விட, வயல் பெண்கள் தலையில் விழுந்தது. வசதி வந்த வீடுகள் கீழ்நாட்டிலிருந்து கூலியாட்களை வரவழைத்தன. கும்புவின் வரலாற்றில் சுற்றுலாவின் வருமானம் பேசப்படும் அளவுக்கு இந்த வேலைப் பங்கீடு பேசப்படுவதில்லை.

1964இல் லுக்லா விமானத்தளம் அமைந்தது. 1961இல் கும்ஜுங்கில் பள்ளி கட்டிய ஹில்லாரி, அடுத்து குண்டேயில் மருத்துவமனை கட்டத் திட்டமிட்டிருந்தார். பொருட்களைச் சுமந்து வர இரண்டு வாரம் ஆவதால் பக்கத்தில் விமானம் இறங்க இடம் தேடினார். சமமான விளைநிலத்தைக் கொடுக்க விவசாயிகள் மறுத்ததால், 2,845 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் கிடந்த லுக்லா நிலம் வாங்கப்பட்டது. மண்ணை இறுக்குவதற்கு இயந்திரம் இல்லை. ஷெர்பாக்களைக் கூட்டி, குடிக்கக் கொடுத்து, கைகோத்து ஆடவிட்டே தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். 527 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதை சரிவாக ஏறி ஒரு மலைச்சுவரில் போய் முடிகிறது; தார் போட்டது 2001இல்தான். மருத்துவமனைக்காகப் போட்ட தளத்தில் பயணிகள் வந்து இறங்கினார்கள்.

வசந்த நடைக்கு இதனால் நேர்ந்த இழப்பு அதிகம் கவனிக்கப்படவில்லை. நேபாளத்தின் தேசியமலரான லாலி குராஸ் என்னும் செந்நிற ரோடோடென்ட்ரான் சுமார் 1,500 மீட்டரிலிருந்து 3,300 மீட்டர் வரை வளரும் மரம். பிப்ரவரியிலேயே கீழே பூக்கத் தொடங்கி, வெப்பம் ஏற ஏறப் பூவும் மேலேறும். மார்ச் மாதத்தில் அது உச்சத்தில் இருப்பது பழைய நடைப்பாதையின் நடுமலைகளில். தெங்போச்சேயைச் சுற்றியுள்ள உயர்மலை இனங்கள் பூக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகும். ஆக, மார்ச் முதல் வாரத்தில் லுக்லாவில் இறங்குபவர் பூக்காட்டின் மேல் பறந்து வந்து, அது இன்னும் எட்டாத இடத்தில் கால் வைக்கிறார். நாம்சேயில் இரவில் தண்ணீர் உறையும். அடிவார முகாமுக்குப் போகும் வழியிலுள்ள லோபுச்சேக்கு மேல் பனி கிடக்கும். இலையுதிர் காலத்து வானத் தெளிவும் கிடைக்காது. கீழ்நாட்டில் காடும் வயலும் எரியும் புகை மேலே வரும், பிற்பகலில் மேகம் மூடும். ஈடாகக் கிடைப்பது கூட்டம் குறைந்த பாதை.

பழைய நடை இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துவந்தது: இரண்டு வாரம் ஏறி இறங்கியதில் உடம்பு உயரத்துக்குப் பழகியது. லுக்லாவிலிருந்து இரண்டே நாளில் நாம்சே வந்தவர்கள் தலைவலியோடும் வாந்தியோடும் படுத்தார்கள். சிலருக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிரே போயிற்று. 1973இல் இமயமலை மீட்புச் சங்கம் உருவாகி, 4,200 மீட்டருக்கு மேற்பட்ட பெரிச்சேயில் உதவி மையம் தொடங்கியது. அங்கே பீட்டர் ஹாக்கெட்டும் டிரம்மண்ட் ரென்னியும் பயணிகளிடம் நடத்திய ஆய்வு 1976இல் வெளியானது. சோதிக்கப்பட்ட 278 பேரில் 53 விழுக்காட்டினருக்கு உயர நோய் கண்டிருந்தது. லுக்லாவுக்குப் பறந்து வந்தவர்களிடம் அது நடந்து வந்தவர்களைவிட அதிகம். இன்று நாம்சேயில் ஒரு நாள், திங்போச்சேயிலோ பெரிச்சேயிலோ ஒரு நாள் என்று ஓய்வு நாட்கள் பயணத் திட்டத்தில் கட்டாயம் போல இடம்பெறுவது இந்த அனுபவத்தின் பயன்.

பயணிகளின் வரவு அடுத்துக் கேட்ட விலை காடு. சமையலுக்கும் குளிர்காயவும் பயணக் குழுக்கள் விறகை எரித்தன. முன்பு ஊர்க்காட்டைக் காக்க ஷிங்கி நாவா என்ற காவலர்களை ஊரே தேர்ந்தெடுத்தது. 1957இல் காடுகள் அரசுடைமையானபின் அந்த ஏற்பாடு வலுவிழந்திருந்தது. நியூசிலாந்தின் துணையோடு 1976இல் 1,148 சதுர கிலோமீட்டரில் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தது. 1979இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தங்கள் மேய்ச்சலும் விறகும் பறிபோகும் என்று ஷெர்பாக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் காரணமில்லாததும் அல்ல. பின்னர் மிங்மா நோர்பு ஷெர்பா போன்ற உள்ளூர்க்காரர்களே பூங்காவின் தலைமைக் காவலர்களானபோது பகை தணிந்தது.

சாப்பிட்டால் படுக்க இடம் தரும் வீடுகள் 1970களில் லாட்ஜ்களாக மாறின. கூடாரமும் சமையல்காரரும் இல்லாமலே ஒருவர் நடக்க முடிந்தது. ராபர்ட்ஸின் ஏற்பாடு அதோடு பழையதாயிற்று. மின்சாரம் எளிதில் வரவில்லை. கட்டி முடியும் நிலையில் இருந்த தாமே நீர்மின் நிலையத்தை 1985 ஆகஸ்டில் திக் சோ பனியேரி உடைந்து அடித்துக்கொண்டு போனது. ஆஸ்திரியாவின் உதவியோடு வேறிடத்தில் கட்டிய நிலையம் 1990களின் நடுவில்தான் விளக்கேற்றியது. கொரோனாவுக்கு முந்தைய சில ஆண்டுகளில் பூங்காவுக்குள் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள்.

நடைப்பாதை மேற்கிலிருந்து தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1960களில் சீனா போட்ட கொடாரி நெடுஞ்சாலையால் முதல் சில நாட்கள் குறைந்தன. 1980களில் சுவிட்சர்லாந்தின் உதவியில் ஜிரி வரை பேருந்து வந்ததும் இன்னொரு வாரம் குறைந்தது. இப்போது சொலுகும்பு மாவட்டத்தின் சலேரியையும் தாண்டிச் சாலை வெட்டப்படுகிறது. கூட்டம் மிகுந்த பருவங்களில் காட்மாண்டு விமான நிலையத்தின் நெரிசலைத் தவிர்க்க லுக்லா விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்புகின்றன; அதைப் பிடிக்கப் பயணிகள் நள்ளிரவில் காட்மாண்டுவிலிருந்து வண்டி ஏறுகிறார்கள். ஜிரியிலிருந்து நடப்பவர்கள் இன்றும் உண்டு, ஆனால் சிலர்தான். 1953ஆம் ஆண்டுக் குழு கண்ட பூக்காடுகளை மார்ச் மாதத்தில் காண்பவர்களும் அவர்களே.