எரர் 200: வேகத்தால் விழுந்த கேம்கள்

தொண்ணூறுகளில் வந்த ஒரு டாஸ் கேம் கிடைக்குது. வெர்ச்சுவல் மெஷின்ல டாஸ் போட்டு ஓட்டுறீங்க. முதல் திரைகூட வரலை. ‘ரன்டைம் எரர் 200’னு ஒரே வரி. பூஜ்ஜியத்தால் வகுத்துட்டாங்கன்னு அர்த்தம். ரேமைக் கூட்டிப் பாக்குறீங்க, டாஸை மறுபடி இன்ஸ்டால் பண்றீங்க. ஒண்ணும் மாறலை. தப்பு எங்கே?

பதில் டர்போ பாஸ்கல்ல இருக்கு. போர்லண்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட மொழிக்கருவி அது. ஏழாம் பதிப்பு 1992-இல் வந்தது. கேம்ல பாம்பு ஒரு கட்டம் நகர்ந்ததும் கொஞ்சம் நிக்கணும் இல்லையா? அதுக்கு ‘டிலே’ன்னு ஒரு கட்டளை. எவ்வளவு நேரம் நிக்கணும்னு கணக்கிட, புரோகிராம் தொடங்கும்போதே ஒரு வெற்று லூப்பைச் சுற்றவிடும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிசெகண்டில், எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும்.

விடைக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதிகபட்சம் 65,535. 1992-இல் இருந்த 486 கம்ப்யூட்டர்கள் அந்த எல்லையை நெருங்கவே இல்லை. 1997-இல் பென்டியம் 2 வந்தது, 233 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி. விடை இடத்துக்குள் அடங்கவில்லை.

இங்கதான் குழப்பம். பூஜ்ஜியத்தால் வகுத்தாலும், விடை அடங்காமல் போனாலும், இன்டெல் பிராசஸர் எழுப்புவது ஒரே குறுக்கீடுதான். டர்போ பாஸ்கல் அதைப் பூஜ்ஜியக் கணக்கிலேயே எழுதிடுச்சு. கேம் எழுதினவர் தன் கோடை எத்தனை முறை படிச்சாலும் தப்பு சிக்காது. ஏன்னா அவர் கோடின் முதல் வரிக்கு முன்னாடியே புரோகிராம் செத்துடுது.

சரி, வெர்ச்சுவல் மெஷின் பழைய கம்ப்யூட்டர் மாதிரிதானே? டிஸ்க், திரை எல்லாம் வேஷம்தான். ஆனா கணக்கைப் போடுவது உங்க லேப்டாப்போட நிஜ பிராசஸர், அதன் முழு வேகத்தில்.

டாஸ்பாக்ஸ் வேற வகை. ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே நடிச்சுக் காட்டுறதால, ‘சைக்கிள்ஸ்’ அளவைக் குறைச்சு வேகத்தை இறக்கலாம். கேமின் கோப்பையே திருத்துற சின்னக் கருவிகளும் உண்டு. மூலக் கோடு தொலைஞ்சுபோன கேம்களுக்கும் இந்த ரெண்டு வழி உதவும்.

அதனால, எரர் 200 பாத்தா கேமை அழிச்சுடாதீங்க. முதல்ல வேகத்தைக் குறைச்சுப் பாருங்க.