காசு கடல் தாண்டின கதை: உண்டியல் முதல் ஏடிஎம் கார்டு வரை

வெளிநாட்டுக்குக் கிளம்புறவங்களுக்கு பத்து பேராவது இந்த அட்வைஸைச் சொல்லுவாங்க. "அங்கே ஏடிஎம்-ல பாத்துப் பணம் எடுப்பா, கார்டை அப்படியே காப்பி அடிச்சிடுறாங்களாம்." தப்பில்லை, சரியான அட்வைஸ்தான். ஆனா எதைப் பார்க்கணும், ஏன் பார்க்கணும்னு யாரும் சொல்றதில்லை. எனக்குப் பிழைப்பு மென்பொருள், பொழுதுபோக்கு எங்க ராமநாதபுரம் பக்கத்து வரலாறு. இந்த ரெண்டும் முட்டிக்கிற இடம் இது. கடல் தாண்டிப் போறவன் தன் காசை எப்படிக் காப்பாத்திக்கிறது என்ற கேள்விக்கு எங்க கரை பல நூற்றாண்டா பதில் தேடியிருக்கு. அந்தப் பதில்களை வரிசையா வச்சுப் பார்த்தா, ஏடிஎம் திருட்டு சட்டுனு புரிஞ்சிடும்.

காசே பயணம் செய்த காலம்

வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்று ஒரு ஊர். 1986-லிருந்து தொல்லியல் துறை அங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் காசும் ஆளோடு சேர்ந்தேதான் கப்பல் ஏறியது. ஆளுக்கு வந்த ஆபத்து காசுக்கும் வந்தது.

இதுக்கு நல்ல உதாரணம் இபின் பதூதா. 1344-இல் இலங்கைக்குப் போனவரை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி நன்றாகக் கவனித்து, முத்தும் மாணிக்கமும் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து மாபார் கரைக்கு, அதாவது நம்ம பக்கத்துக்கு, வரும்போது கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்து, மதுரை சுல்தானிடம் இருந்துவிட்டு, பிறகு கொல்லம் போய், அங்கிருந்து வடக்கே கப்பல் ஏறினார். ஹொன்னாவர் போய்ச் சேர்வதற்கு முன்பே கடற்கொள்ளையர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இலங்கையில் வாங்கிய கற்கள், ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்தது, உடுதுணி எல்லாம் போய், கால்சட்டையோடு கரை இறங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். மொத்தச் சொத்தையும் ஒரே இடத்தில் வைத்து, கூடவே கொண்டு போனதன் விலை.

எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் வைத்து, அந்தக் கணக்கின் கார்டையே எடுத்துக்கொண்டு வெளிநாடு போகும் நம்ம ஆட்களை நினைச்சுக்குங்க. எழுநூறு வருஷம் ஆச்சு, பழக்கம் மாறலை :-)

காகிதம் போச்சு, காசு நின்னுச்சு

இதுக்கு வணிகர்கள் கண்டுபிடித்த பதில் உண்டியல். கோயில் உண்டியல் இல்லைங்க, வட இந்தியாவில் ஹுண்டி என்று சொல்வார்களே, அது. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில்தான் காரைக்குடியும் தேவகோட்டையும் இருந்தன. அங்கிருந்து நகரத்தார் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கிட்டங்கி போட்டு உட்கார்ந்தார்கள். கொழும்பு செட்டியார் தெருவில் ஒருவர் பணத்தைக் கட்டுகிறார். கிட்டங்கியில் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். அதைத் தேவகோட்டையில் காட்டினால் பணம். பார்த்ததும் பணம் தருவது தரிசன உண்டியல், இத்தனை நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். கடலைத் தாண்டுவது காகிதம் மட்டும். காசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படியே நிற்கும், கணக்கில் நேராகிவிடும்.

சீட்டை வழியில் திருடிவிட்டால்? இங்கேதான் அந்த ஆட்களின் மூளை தெரிகிறது. கையெழுத்தும் நிறுவனத்தின் விலாசமும் எதிர்ப்பக்கத்து ஆளுக்குப் பழக்கம். இன்னாருக்கு இவ்வளவு உண்டியல் எழுதியிருக்கிறேன் என்று தனியாக ஒரு கடிதமும் போகும். சீட்டு ஒரு வழி, செய்தி வேறு வழி. நமக்கு இன்று போனில் வரும் ஓடிபி இந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

வடக்கே 'ஷா ஜோக்' என்று ஒரு வகை. ஊரறிந்த வணிகர் ஒருவர் வழியாகத்தான் அதைப் பணமாக்க முடியும். பிறகு அது திருட்டு உண்டியல் என்று தெரிந்தால், வாங்கிய வணிகர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். உண்டியல் தொலைந்தால் நகல் எழுதித் தருவார்கள், நகலும் தொலைந்தால் அதற்கும் ஒரு நகல். எத்தனை நகல் இருந்தாலும் பணம் ஒரே ஒரு தடவைதான். கொடுத்து முடித்ததும் அந்தச் சீட்டு செத்துப்போகும்.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க: ஒரு சீட்டு, ஒரு தடவை. பின்னாடி தேவைப்படும்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரலை. 1925-இல் கொழும்பில் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று நொடித்ததும் வங்கிகள் மற்ற செட்டியார்களுக்கும் கடனை இறுக்கிவிட்டன. நம்பிக்கையால் ஓடுகிற வண்டி, நம்பிக்கை போனால் நின்றுவிடும். தவிர, இன்றைக்கு நாடு விட்டு நாடு உரிமம் இல்லாமல் உண்டியல், ஹவாலா என்று பணம் அனுப்புவது சட்டப்படி குற்றம். இதைப் படிச்சிட்டு யாரும் அந்தப் பக்கம் போயிடாதீங்க.

கழுத்தில் தொங்கிய தகரம்

வணிகனுக்கு உண்டியல் இருந்தது. கூலிக்குப் போனவனுக்கு?

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று இந்தக் கரையிலிருந்து தோணி ஏறி, மன்னார் பக்கம் இறங்கி, காட்டுவழியே மலைத்தோட்டத்துக்கு நடந்த ஆயிரக்கணக்கானவர்களின் கையில் காசே கிடையாது. வழிச்செலவு கங்காணி தந்த முன்பணம், அது கடன். 1900-களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. நாணயம் மாதிரி ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளணும். அதைக் காட்டினால் வழியில் சாப்பாடு, பயணம் எல்லாம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பிறகு மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தி, போகிறவர்களை அங்கே தங்க வைத்துப் பரிசோதித்து அனுப்பியது. (பிற்காலத்தில் ஈழத்து அகதிகள் வந்து தங்கியதும் அதே மண்டபம் முகாம்தான்.)

யோசித்துப் பாருங்கள், அது ஒரு கார்டு! எண் இருக்கு, கணக்கு இருக்கு, காட்டினால் செலவு நடக்குது. திருடினாலும் திருடனுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. பாதுகாப்பான ஏற்பாடுதான். யாருக்குப் பாதுகாப்பு என்பதுதான் கேள்வி. தோட்டத்துரையின் பணம் பத்திரம், கழுத்தில் போட்டவன் கடன்காரன். இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று 'துண்டு'ச் சீட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

உண்டியலையும் தகரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பணத்தைப் பத்திரமாக்க எந்த ஏற்பாடு வந்தாலும், "தொலைஞ்சா யார் தலையில் விடியும்?" என்றுதான் முதலில் கேட்கணும்.

போட் மெயில், மணியார்டர், ரெண்டு கையெழுத்து

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, சுமார் 22 மைல் கப்பலில் போய், தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். அதுக்கு முன்னாலேயே, 1880-இல், இந்தியத் தபால் துறை மணியார்டரை ஆரம்பித்திருந்தது. செட்டியாரைத் தெரியாதவனும் இனி காகிதத்தில் காசு அனுப்பலாம்.

1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணிகள் காசோலையைக் கொண்டு வந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது கண் முன்னாலேயே இன்னொரு கையெழுத்து. ரெண்டும் ஒத்துப்போனால்தான் பணம். தொலைந்தால் நிறுவனம் திருப்பித் தரும். இதுவும் உண்டியலின் சாதிதான்: ஒரு தாள், ஒரு தடவை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இனப்போரோடு நின்றது. ஆனால் ஜில்லாவிலிருந்து ஆட்கள் கடல் தாண்டுவது நிற்கவில்லை. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று எந்த ஊரில் கேட்டாலும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சொந்தம் இருக்கும். அவர்கள் கையில் இருப்பது கார்டு.

கார்டு எங்கே சறுக்கியது?

முதல் ஏடிஎம் 1967 ஜூன் 27-இல் லண்டன் என்ஃபீல்டில், பார்க்லேஸ் வங்கியில் வந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம்ம ஷில்லாங்கில். அந்த முதல் எந்திரத்தில் பிளாஸ்டிக் கார்டு கிடையாது. லேசான கதிரியக்கம் பூசிய காகிதச் சீட்டைப் போட்டு, ரகசிய எண்ணை அடிச்சா பத்து பவுண்டு. சீட்டு எந்திரத்துக்குள்ளேயே போய்விடும். பாருங்க, அச்சு அசல் உண்டியல்!

பிறகு கார்டின் முதுகில் கறுப்புக் காந்தப்பட்டை வந்தது. வசதி, ஒரே கார்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். வினையும் அதுதான். பட்டையில் இருக்கும் தகவல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. ஒரு தடவை படித்தவன் அதை வேறு பிளாஸ்டிக்கில் எழுதிவிட்டால், எந்திரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் நாலு இலக்க எண் மட்டும் தெரிஞ்சா போதும். கார்டு செருகும் வாயின் மேல் போலி வாய் ஒட்டுவது பட்டையைப் படிக்க. மேலே குட்டிக் கேமரா வைப்பது எண்ணைப் பார்க்க. திருட்டு முழுக்க இவ்வளவுதான்.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் இதே நடந்தது. ஏடிஎம் அறையில் புகை உணரும் கருவி மாதிரி ஒன்றை மாட்டி உள்ளே கேமரா வைத்திருந்தார்கள். தகவல் திருடியது திருவனந்தபுரத்தில், பணம் எடுத்தது மும்பையில். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் போன சுமார் 94 கோடியில் பெரும்பகுதி, போலிக் கார்டுகள் மூலம் 28 நாடுகளில் எடுக்கப்பட்டது. இங்கே கொள்ளைக்காரன் வங்கியின் அமைப்புக்குள்ளேயே புகுந்திருந்தான், கார்டுக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சிப் இதைச் சரி பண்ணியது. ஒவ்வொரு தடவையும் சிப் புதுசாக ஒரு குறியீடு தரும், அது அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும். ஒரு சீட்டு, ஒரு தடவை! செட்டியார் பெட்டியடியில் உட்கார்ந்து செய்ததைத்தான் சுற்றி வளைத்து மறுபடி பிடித்திருக்கிறோம். இந்தியாவில் 2018 டிசம்பருக்குள் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. ஆனால் சிப் கார்டிலும் பின்னால் பட்டை இருக்கு. பட்டையை மட்டும் படிக்கும் எந்திரம் உலகத்தில் எங்காவது இருக்கும்வரை ஓட்டை இருக்கும். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளுக்கு, சிப் இல்லாவிட்டால் மோசடி நஷ்டம் உங்களுக்கு என்ற விதி 2021 ஏப்ரலில்தான் வந்தது.

இப்போ யார் தலையில் விடியும்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி இது: தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, மூன்றாவது ஆள் திருடினான் என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். அதற்கு மேல் வங்கியின் கொள்கைப்படி. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே இன்னொருவரிடம் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது அத்தனையும் உங்களுடையது.

எனக்குக் கவலை இந்தக் கடைசி வரிதான். வளைகுடாவில் சம்பளமே கார்டில் வருகிறது. எட்டு பேர் தங்கும் அறையில், "நீ வெளியே போறல்ல மாப்ள, எனக்கும் எடுத்துட்டு வா" என்று கார்டையும் எண்ணையும் கொடுத்து அனுப்புவது சர்வ சாதாரணம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனா திருட்டு நடந்தால் அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு யாரும் பொறுப்பில்லை. மறுபடியும் கழுத்தில் தகரம்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. சம்பளக் கணக்கின் கார்டை வழியில் பயன்படுத்தாதீங்க. தனியா ஒரு கணக்கோ ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டோ வச்சு, தேவையான அளவு மட்டும் போட்டுக்குங்க. இரண்டாவது கார்டை வேறு பையில் வையுங்க. இபின் பதூதாவை நினைச்சுக்குங்க.

2. 2020-லிருந்து இந்தியாவில் புதுக் கார்டுகளுக்கு வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வருது. கிளம்பும்போது போட்டு, தினசரி வரம்பைக் குறைச்சு வச்சு, திரும்பினதும் அணைச்சிடுங்க.

3. வங்கிக் கிளைக்குள்ளே இருக்கும் எந்திரம், அதுவும் வங்கி திறந்திருக்கும் நேரம் நல்லது. கார்டு போடும் வாயை ஒரு தடவை பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா வேற எந்திரம் தேடுங்க.

4. எண் அடிக்கும்போது மறு கையால் மூடுங்க, அறையில் யாருமே இல்லைன்னாலும். கேமராவுக்குத்தான் அந்த மூடல்.

5. கார்டு உள்ளே மாட்டிக்கிட்டா, "இன்னொரு தடவை எண்ணை அடிங்க" என்று உதவிக்கு வருகிற புண்ணியவானை நம்பாதீங்க. அங்கேயே நின்று வங்கிக்கு போன் பண்ணி கார்டை முடக்குங்க.

6. வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்க. இந்திய நம்பருக்கு எஸ்எம்எஸ் வர ஏற்பாடு பண்ணுங்க. செய்தி வராட்டி திருட்டு நடந்ததே தெரியாது, அந்த மூன்று நாளைப் பிடிக்கவும் முடியாது.

7. புகார் கொடுத்ததும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறிச்சு வையுங்க.

அடுத்த மாசம் சவூதிக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புற பையன் உங்க தெருவிலும் ஒருத்தன் இருப்பான். வரலாறு அவனுக்கு போரடிக்கும், பரவாயில்லை. இந்த ஏழையும், எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் மட்டும் அவன்கிட்ட சொல்லி அனுப்புங்க.